எம்.எஸ். மருந்துகள்: ஊசி, கேப்சூல், டிரிப்ஸ் மூன்றையும் எடுத்தவளின் ரிவ்யூ

நேராகவே சொல்லிவிடுகிறேன். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்கிற நரம்பு நோயில், தாக்குதல் (டாக்டர்கள் பாஷையில் ரிலாப்ஸ்) வந்து வந்து போகிற வகை உங்களுக்கு இருக்கிறது, மருந்துச் செலவு பெரும்பாலும் சொந்தக் கையிலிருந்துதான் போகிறது என்றால், நியூரோ டாக்டரிடம் முதலில் பேச வேண்டிய மருந்து ரிட்டுக்ஸிமாப் என்பது என் முடிவு. அவர் உங்களுக்கு அது வேண்டாம் என்று சொல்லலாம், அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன, கீழே எழுதுகிறேன். ஆனால் அந்தப் பேச்சே நடக்காமல் கேப்சூல் சீட்டோடு வெளியே வந்துவிடாதீர்கள்.

நான் கோயம்புத்தூர், வங்கியில் வேலை. முதலில் வாரம் ஒருமுறை போடும் இன்டர்ஃபெரான் ஊசி, அப்புறம் டைமெத்தில் ஃபியூமரேட் கேப்சூல், இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்ஸாக ஏற்றுகிற ரிட்டுக்ஸிமாப். மூன்றையும் ஆண்டுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் எதை எடுங்கள் என்று யாருக்கும் சீட்டு எழுதவில்லை. எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும், இல்லாவிட்டால் எந்த மருந்தையும் நியாயமாக எடைபோட முடியாது. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸில் நம்முடைய எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற நரம்புகளின் மயலின் உறையைத் தாக்குகிறது. ரிலாப்ஸ் வந்தவுடன் ஆஸ்பத்திரியில் மூன்றிலிருந்து ஐந்து நாள் வரை தினம் ஒரு கிராம் மெத்தில்பிரட்னிசலோன் ஏற்றுவார்களே, அந்த ஸ்டீராய்டு அப்போதைய வீக்கத்தைச் சீக்கிரம் அடக்குகிறது, அவ்வளவுதான், அடுத்த தாக்குதலைத் தடுப்பது அதன் வேலை இல்லை. தடுக்கிற வேலை நான் இங்கே பேசுகிற மருந்துகளுடையது. ஆனால் இவற்றில் எதுவும் ஏற்கெனவே போன உறையைத் திருப்பித் தருவதில்லை. "இவ்வளவு காசு கொடுத்து மருந்து எடுக்கிறாயே, இன்னும் ஏன் கால் மரத்துப் போகிறது?" என்று என் பெரியம்மா இன்றைக்கும் கேட்பார். பழைய தழும்பு தருகிற தொந்தரவு அது பெரியம்மா, புதுசு வரவில்லை பாருங்கள், அதுதான் மருந்தின் வேலை என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், இது எம்.எஸ்.தானா என்று உறுதி செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். என்.எம்.ஓ. என்று ஒரு நோய் இருக்கிறது, அதிலும் கண் பார்வை மங்கும், கால் விழும், எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை ரத்தத்தில் பார்த்துத்தான் அதைப் பிரித்தறிகிறார்கள். மாக் ஆன்டிபாடி நோய் என்று இன்னொன்றும் உண்டு. இது ஏன் மருந்துத் தேர்வில் வருகிறது என்றால், எம்.எஸ்.ஸுக்கு உதவுகிற இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நடலிஸுமாப் மூன்றும் என்.எம்.ஓ.வை மோசமாக்கக்கூடியவை. இரண்டு கண்ணும் சேர்ந்து மங்கியது, தண்டுவடத்தில் நீளமான லீஷன் (நரம்பு பாதிக்கப்பட்ட இடம்), நிற்காத விக்கலும் வாந்தியும், இப்படி ஏதாவது இருந்திருந்தால் அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்காமல் மருந்து தொடங்க வேண்டாம். டெஸ்ட் எந்த முறையில் செய்தார்கள் என்றும் கேளுங்கள், செல் பேஸ்டு அஸ்ஸே என்கிற முறைதான் நம்பகமானது.

சரி, ஊசிக்கு வருகிறேன். இன்டர்ஃபெரான் எம்.எஸ்.ஸுக்கு வந்த முதல் தடுப்பு மருந்து, அமெரிக்காவில் 1993-இல் ஒப்புதல் கிடைத்தது. நான் எடுத்தது பீட்டா-1ஏ, 30 மைக்ரோகிராம், தொடைத் தசையில் வாரம் ஒரு ஊசி. இதன் பெரிய பலம் வயது. முப்பது வருடமாக உலகம் முழுக்கப் போட்டுப் பார்த்த மருந்து, என்ன செய்யும் என்ன செய்யாது என்று தெரியும், தொற்று நோய் பயம் மிகக் குறைவு. பலவீனம், அது ரிலாப்ஸைக் குறைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். போட்ட அன்று இரவு ஜுரம், குளிர், உடம்பு முழுக்க வலி. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை ராத்திரி ஊசி, ஞாயிற்றுக்கிழமை படுக்கை என்று என் வாரம் அமைந்துவிட்டது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும், அதனால் எத்தனை முகூர்த்தம் போகாமல் விட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். இன்னொரு தொல்லை ஃப்ரிட்ஜ். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கோடையில் கரண்ட் போகிற ஊரில், பஸ்ஸில் போகிறவளுக்கு, ஐஸ் பேக் தூக்கிக்கொண்டு அலைவது லேசான காரியம் கிடையாது.

அதற்காக ஊசியைத் தள்ளிவிட மாட்டேன். குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடுகிற பெண்ணுக்கு இன்டர்ஃபெரானும், அதே காலத்தில் வந்த கிளாடிராமர் ஊசியும் இன்றைக்கும் டாக்டர்கள் யோசிக்கிற மருந்துகள். நோய் மெதுவாக இருக்கிறது, தொற்று பயம் அதிகம் என்றாலும் அப்படித்தான். ஆனால் முதல் வருடத்திலேயே இரண்டு ரிலாப்ஸ், தண்டுவடத்தில் லீஷன் என்று வேகமாக ஆரம்பிக்கிற ஆளுக்கு இது போதாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது டைமெத்தில் ஃபியூமரேட். அமெரிக்காவில் 2013-இல் வந்தது, இங்கே நம் நாட்டுக் கம்பெனிகளின் ஜெனரிக்கே கிடைக்கிறது, வெளிநாட்டு பிராண்டோடு ஒப்பிட்டால் விலை எங்கேயோ கீழே. முதல் வாரம் 120 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 240 இரண்டு வேளை. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளில் ரிலாப்ஸை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. ஊசி இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்தது. அந்த சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் முதல் இரண்டு மாதம் வயிறு படாத பாடு படுத்தும். வாந்தி வருகிற மாதிரி, அடிவயிற்றில் பிடிப்பு, பேதி. கூடவே ஃப்ளஷிங்: கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதே முகமும் காதும் கழுத்தும் குப்பென்று சிவந்து எரியும். எதிரே நிற்கிற கஸ்டமர் "என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டிருக்கிறார். வெறும் வயிற்றில் எடுக்கவே கூடாது. இரண்டு இட்லியோடு போட்டால் கூட எனக்குப் போதவில்லை. கொஞ்சம் கொழுப்பும் புரதமும் உள்ள சாப்பாடு வேண்டும் என்று டயட்டீஷியன் சொன்னார், காலையில் வேர்க்கடலைச் சட்னி, நெய் விட்ட பொங்கல், முட்டை, ராத்திரி தயிர் சாதம் என்று மாற்றிய பிறகு அடங்கியது. அரை மணி நேரம் முன்னால் ஆஸ்பிரின் எடுத்தால் ஃப்ளஷிங் குறையும், ஆனால் வயிற்றுப் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒருமுறை ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்கிற வெள்ளணுக்களின் எண்ணிக்கை பார்த்தே ஆக வேண்டும். 500-க்குக் கீழே போய் ஆறு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றால் மருந்தை நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள், ஏனென்றால் பி.எம்.எல். என்கிற அபூர்வமான மூளைத் தொற்று வரக்கூடிய நிலை அது. லேபில் வெள்ளணு வகைகளின் கணக்கை (டிஃபரென்ஷியல் கவுண்ட்) சதவீதமாக மட்டும் கொடுப்பார்கள். முழு எண்ணிக்கை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

எனக்கு அந்தக் கேப்சூலில் ரிலாப்ஸ் எதுவும் வரவில்லை. நான் நன்றாகத்தான் இருந்தேன். வருடாந்திர எம்.ஆர்.ஐ.யில்தான் புதிதாக இரண்டு லீஷன் தெரிந்தது. எம்.எஸ். மருந்தை உடம்பு சொல்வதை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது என்பது இதனால்தான், மூளைக்குள் நடப்பதில் பெரும்பகுதி வெளியே தெரிவதே இல்லை. அதே போல எதிர்ப்பக்கமும் உண்டு. ஏப்ரல், மே மாதத்தில் வெயிலில் நின்றாலோ ஜுரம் வந்தாலோ பழைய மரத்தலும் பார்வை மங்கலும் திரும்ப வரும், "மருந்து கேட்கவில்லை" என்று வீட்டில் பயந்துவிடுவார்கள். உடம்பைக் குளிர்வித்தால் சரியாகிவிட்டது என்றால் அது ரிலாப்ஸ் ஆகாது. 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கிற, ஜுரமும் சிறுநீர்த் தொற்றும் காரணமில்லாத புதுத் தொந்தரவைத்தான் டாக்டர்கள் ரிலாப்ஸ் என்று எண்ணுகிறார்கள். எந்த மருந்து தொடங்கினாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் தெரிகிற புள்ளி மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. முடிந்தால் ஒவ்வொரு முறையும் அதே ஸ்கேன் சென்டர், அதே மெஷின்.

இப்போது ரிட்டுக்ஸிமாப். இது பி செல் என்கிற வெள்ளணுக்களை ரத்தத்திலிருந்து காலி பண்ணுகிற மருந்து, புற்றுநோய்க்காக வந்தது. எம்.எஸ்.ஸுக்கு என்று லைசென்ஸ் வாங்கப்படாத மருந்து, அதனால் தருவது ஆஃப் லேபிள். அந்தச் சொல்லைக் கேட்டு என் அப்பா ரொம்பவே பயந்தார். எங்கள் டாக்டர் பொறுமையாக விளக்கினார், நானும் அதன் பிறகு தேடிப் படித்தேன். ஸ்வீடனில் எம்.எஸ்.ஸுக்குப் பல வருடமாக மிக அதிகமாகத் தரப்படுகிற மருந்து இதுதான். 2022-இல் அங்கேயே நடந்த ரிஃபண்ட்-எம்.எஸ். என்ற சோதனையின் முடிவு வெளிவந்தது. நோய் ஆரம்பித்துச் சில வருடங்களே ஆன சுமார் 200 பேர், பாதிப் பேருக்கு ரிட்டுக்ஸிமாப், பாதிப் பேருக்கு நான் விழுங்கிக்கொண்டிருந்த அதே டைமெத்தில் ஃபியூமரேட். இரண்டு வருடத்தில் ரிலாப்ஸ் வந்தவர்கள் ரிட்டுக்ஸிமாப் பக்கம் 3 சதவீதம், கேப்சூல் பக்கம் 16 சதவீதம். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியும், ரிலாப்ஸா இல்லையா என்று மதிப்பிட்டவர்களுக்குத் தெரியாது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்கு என்று முதல்முறையாக மூன்று மருந்துகளைச் சேர்த்தது: கிளாட்ரிபின், கிளாடிராமர், ரிட்டுக்ஸிமாப். லைசென்ஸ் இல்லாத ஒன்றை அங்கே சேர்த்தார்கள் என்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு அனுபவம் இருந்திருக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன், அப்புறம்தான் கையெழுத்துப் போடச் சம்மதித்தார்.

விலை விஷயத்திலும் நமக்கு ஒரு நல்ல காலம் இருக்கிறது. உலகத்தின் முதல் ரிட்டுக்ஸிமாப் பயோசிமிலர், அதாவது அசல் பிராண்டை ஒத்த மாற்றுத் தயாரிப்பு, 2007-இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியிலிருந்து வந்ததுதான், அதற்குப் பிறகு நம் நாட்டில் வேறு பல கம்பெனிகளும் தயாரிக்கத் தொடங்கின. போட்டி இருப்பதால் விலை இறங்கியிருக்கிறது. அட்டையில் அச்சடித்த விலைக்கும் ஆஸ்பத்திரிக்கு வெளியே மருந்துக்கடையில் வாங்குகிற விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும், விசாரிக்காமல் வாங்காதீர்கள். எந்த பிராண்ட், எந்த பேட்ச் நம்பர் என்று ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் வாங்கினால் குளிர்ச்சியோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

ஏற்றுகிற அன்றைக்கு எப்படி இருக்கும்? காலையில் டே கேரில் சேர்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும். முதலில் பாரசிட்டமால், அலர்ஜி ஊசி, ஸ்டீராய்டு. அலர்ஜி ஊசி போட்டதும் கண்ணைச் சுற்றிக்கொண்டு தூக்கம் வரும். மருந்தை மெதுவாகத் தொடங்கி அரை மணிக்கொரு தடவை வேகத்தைக் கூட்டுவார்கள். முதல் டோஸில் எனக்குத் தொண்டை அரிப்பும் குளிர் நடுக்கமும் வந்தது, சொன்னவுடன் நர்ஸ் நிறுத்திவிட்டு, அடங்கியதும் பாதி வேகத்தில் மறுபடி ஆரம்பித்தார். இதை மறைக்கவோ பொறுத்துக்கொள்ளவோ கூடாது, உடனே சொல்ல வேண்டும். பக்கத்து பெட்டில் இருந்த அக்கா, கீமோ எடுக்கிறவர், எனக்கும் கேன்சர் என்று நினைத்துக்கொண்டு ரொம்ப ஆறுதல் சொன்னார். நான் எம்.எஸ். பற்றி விளக்கினேன், கேட்டுவிட்டு அவர் பிளாஸ்க்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். இரண்டாவது டோஸிலிருந்து அந்த அரிப்பு எனக்கு வரவில்லை. இடையில் இருக்கிற ஆறு மாதம் எம்.எஸ். மருந்தைப் பற்றி யோசிக்காமல் வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

இனி கெட்ட பக்கம். பி செல் இல்லாவிட்டால் தொற்று வந்தால் சீக்கிரம் விடாது. எனக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் இறங்கிவிடுகிறது. சிறுநீர்த் தொற்று வேறு. முதல் டோஸுக்கு முன்னால் ஹெபடைடிஸ் பி பார்த்தே ஆக வேண்டும், ஈரலில் தூங்கிக்கொண்டிருக்கிற வைரஸை இந்த மருந்து எழுப்பி விடும், உயிருக்கே ஆபத்து. காசநோய் நம் ஊரில் சாதாரணம் என்பதால் அதற்கும் எக்ஸ்-ரேயும் டெஸ்ட்டும் எடுத்தார்கள். ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. (தொற்றை எதிர்க்கிற ஆன்டிபாடி) அளவு ஆரம்பத்திலும் பிறகு ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் பார்க்கிறார்கள், அது வருடக்கணக்கில் மெல்ல இறங்கலாம், இறங்கினால் இடைவெளியைக் கூட்டுவதைப் பற்றிப் பேச வேண்டிவரும். நிமோனியா, ஃப்ளூ, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகளை மருந்து தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே போட்டுவிடுங்கள், அப்புறம் போட்டால் உடம்பு சரியாகப் பதில் கொடுக்காது. உயிருள்ள தடுப்பூசிகள் பிறகு போடவே கூடாது. அடிக்கடி நிமோனியா வந்தவர், ஐ.ஜி.ஜி. ஏற்கெனவே குறைவாக இருப்பவர், ஆறாத புண் உள்ளவர் என்றால் டாக்டர் வேண்டாம் என்பார், அதுதான் நான் முதலில் சொன்ன நியாயமான காரணம்.

இன்ஷூரன்ஸ் பற்றி எழுதாவிட்டால் இந்த ரிவ்யூ முழுமையாகாது. என் முதல் கிளெய்மை ஒரு கம்பெனி "ஒரே நாளில் டிஸ்சார்ஜ், இது ஆஸ்பத்திரி சிகிச்சையே இல்லை" என்று திருப்பி அனுப்பியது. 2019-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு வழிகாட்டுதல் போட்டது, பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியல் அதில் இருந்தது, ஊசியாகத் தரப்படுகிற மோனோக்ளோனல் ஆன்டிபாடி அதில் ஒன்று. ரிட்டுக்ஸிமாப் மோனோக்ளோனல் ஆன்டிபாடிதான். டாக்டரிடம் ஏன் இந்த மருந்து என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கி, இந்த வழிகாட்டுதலைக் காட்டி மறுபடி அனுப்பினேன், பெரும்பகுதி வந்தது. பல பாலிசிகள் இதற்கு உச்சவரம்பு வைத்திருக்கும், முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

மற்ற மருந்துகளை நான் எடுக்கவில்லை, அதனால் சுருக்கமாக. ஃபிங்கோலிமோட் தினம் ஒரு மாத்திரை, வசதி, ஜெனரிக் உண்டு. முதல் மாத்திரை போட்டபின் ஆறு மணி நேரம் இதயத் துடிப்பைப் பார்க்க உட்கார வைப்பார்கள். ஆனால் அதை நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பி அடிக்கலாம், நடலிஸுமாபிலும் இதே ஆபத்து. மாத்திரை ஸ்டாக் இல்லை, கையில் காசில்லை, கர்ப்பம் என்று எந்தக் காரணத்துக்காகவாவது இடையில் நிற்கக்கூடிய வாழ்க்கை நம்முடையது என்றால் இது பெரிய விஷயம். நடலிஸுமாப் மிகவும் பலமானது, நாலு வாரத்துக்கொரு தடவை, பி.எம்.எல். தருகிற ஜே.சி. வைரஸுக்கு டெஸ்ட் பார்த்துத்தான் தொடர வேண்டும். டெரிஃப்ளுனோமைட் தினம் ஒரு மாத்திரை, விலை குறைவு, முடி கொட்டலாம், ஈரல் டெஸ்ட் வேண்டும், கர்ப்பத்தில் எடுக்கவே கூடாது, உடம்பிலிருந்து அதை வெளியேற்றத் தனி மருந்தே கொடுக்க வேண்டிவரும். கல்யாணம் ஆகாத பெண் பிள்ளைக்கு, ஒரு வார்த்தை குழந்தை பற்றிக் கேட்காமல் இதை எழுதித் தருவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அம்மா அப்பா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எதிர்காலத்தில் குழந்தை வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ரிட்டுக்ஸிமாபின் லேபிளிலும் கடைசி டோஸுக்குப் பின் 12 மாதம் கருத்தடை என்று இருக்கிறது. எம்.எஸ். பார்க்கிற டாக்டர்கள் பலர் அதைவிடச் சீக்கிரமாகவே திட்டமிடுகிறார்கள், காரணம் மருந்து உடம்பை விட்டுப் போன பிறகும் அதன் பலன் கொஞ்ச காலம் நிற்கிறது.

ரிலாப்ஸ் இல்லாமல் ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல நடை குறைகிற பிரைமரி புரோகிரெசிவ் வகைக்கு மேலே சொன்னதை அப்படியே பொருத்தாதீர்கள். அதற்கு என்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து ஒக்ரலிஸுமாப், 2017-இல். அதுவும் வேகத்தைக் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. அங்கே பிசியோதெரபிக்கும் சிறுநீர்ப் பிரச்சினைக்கும் தசை இறுக்கத்துக்கும் செலவு செய்வது மருந்துக்கு இணையாக முக்கியம்.

ஸ்டெம் செல். இதில் கோபப்படாமல் எழுத முடியவில்லை. நகையை விற்று லட்சக்கணக்கில் ஒரு கிளினிக்கில் கட்டி, முதுகில் ஊசி போட்டுக்கொண்டு, எந்த மாற்றமும் இல்லாமல் திரும்பிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி ரத்த நோய்களுக்குச் செய்யும் மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் ஆராய்ச்சிதான், ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. உலகில் சில பெரிய மையங்களில் கடுமையான எம்.எஸ்.ஸுக்குச் செய்கிற, கீமோ கொடுத்து எதிர்ப்பு சக்தியையே புதிதாக வளர்க்கிற சிகிச்சை வேறு. பெயர் ஒன்றாக இருப்பதை இந்த கிளினிக்குகள் பயன்படுத்திக்கொள்கின்றன. "ரிலாப்ஸ் மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

புதிதாக நோய் தெரிந்தவர்களுக்கு இன்னும் இரண்டு தகவல். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஒன்று, பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று மதிப்பிட்டால் யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூலம் சலுகைகள் கிடைக்கும். எம்.எஸ். சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது, மருந்து விலையும் எந்த ஊரில் எந்த வசதி என்பதும் அங்கே இருக்கிற நோயாளிகளுக்குத் தெரியும், பேசிப் பாருங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய எம்.ஆர்.ஐ. சி.டி.க்களை வரிசையாக எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது, படத்தைப் பார்த்துத்தான் எங்கள் டாக்டர் என் கேப்சூலை மாற்றினார்.